மூச்சைப் பிடிக்கச் சொன்னவர்

“புரட்டாசி, மூன்றாம் ஞாயிறு. மாலை நாலரை மணி. இடம்: நூலக மாடி. பொருள்: இறந்த நட்சத்திரம். வந்தவர்கள் முப்பத்திரண்டு பேர். ஐந்தே காலுக்குக் கூட்டம் நின்றது. நன்றியுரை இல்லை.”

எங்கள் வாசகர் வட்டத்தின் கூட்டக் குறிப்பேட்டில் இருப்பது இவ்வளவுதான். எழுதியவன் நான். வருடத்தையும் தேதியையும் விட்டுவிட்டுப் படியெடுத்திருக்கிறேன். பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தேதி இல்லாத தாளைக் கையால் தொட்டதில்லை. இந்த ஒன்றில் மட்டும் தேதியை என் கையால் எழுதித் தர மனமில்லை. தந்தால் பஞ்சாங்கம் வைத்திருக்கும் யாரும் அதைப் புரட்டிப் பார்த்துவிடலாம்.

அன்று பேசியவர் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் படம் எடுத்துக்கொண்டிருந்த அம்மாள். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எக்ஸ்ரேம்மா என்பார்கள். சென்டரில் பெரிய ஸ்கேன் மெஷின் வந்து, அதிலும் அவரே படம் எடுக்கத் தொடங்கிய பிறகும் எக்ஸ்ரேம்மாதான்.

நான் அவரிடம் முதலில் போனது மணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு. குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தேன். படம் எடுத்து, வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார்.

“உடைஞ்சிருக்குதாம்மா?”

“கைய ஆட்டாதீங்க சார்.”

“இல்ல, படத்துல இன்னா தெரியுதுன்னு கேட்டேன்.”

“கை தெரியுது.”

அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை. படம் எடுப்பவர் முடிவு சொல்லக் கூடாது என்பது அந்தத் தொழிலின் விதி. டாக்டர்தான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வாயால் சொல்லாவிட்டாலும் முகத்தால் சொல்லிவிடுவார்கள். “ஒண்ணும் பயப்படாதீங்க” என்று தேவையில்லாமல் ஒரு வார்த்தை வரும், அல்லது குரல் இறங்கும். இவரிடம் அதுவும் கிடையாது. வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர்களில் ஒருவர் என்னை வீட்டில் இறக்கும்போது சொன்னார்: “அந்தம்மாகிட்ட மணி இன்னா ஆவுதுன்னு கேட்டாகூட டாக்டரு சொல்லுவாருன்னுதான் சொல்லும் சார்.”

ஊர் அவருடைய முகத்தைப் படிக்கப் பார்த்துத் தோற்றது. பிறகு கையைப் படிக்கத் தொடங்கியது. படம் எடுத்து முடிந்ததும் யாருக்கு அவரே சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுகிறாரோ அவருக்கு நோய் முற்றிவிட்டது என்று ஒரு பேச்சு கிளம்பியது. உண்மையாக இருக்கலாம், இரக்கம் வெளிப்பட அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தப் பேச்சு காதில் விழுந்த நாளிலிருந்து எல்லோருக்கும் பொத்தான் போட்டுவிட்டார். சுளுக்குப் பிடித்து வந்த கல்லூரிப் பையன்கள்கூடத் தப்பவில்லை.

அவருடைய அக்காவின் மார்புப் படத்தையும் அவரேதான் எடுத்தார். இதை அவரே ஒருமுறை என்னிடம் சொன்னார். அக்கா மெஷின் முன்னால் நின்றபடி, “இன்னாடி இருக்குது? எனக்கு மட்டும் சொல்லு” என்று கேட்டாராம். இவர் “நேரா நில்லு” என்றாராம். டாக்டர் சொல்ல எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் இருவரும் ஒரே வீட்டில் சேர்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அக்கா அதை மன்னித்தாரா என்று நான் கேட்டேன்.

“கேக்கல சார். கேட்டிருந்தா சொல்லியிருக்கும்.”

இப்படிப்பட்டவர் எப்படி வாசகர் வட்டத்துக்கு வந்தார் என்றால், விண்மீன் படிக்க வந்தார். எல்லா விண்மீனும் இல்லை. ஒரே ஒரு வகை. பெரிய விண்மீன் ஒன்று வெடித்து அழிந்த பிறகு அதன் நடுப்பகுதி நசுங்கி, சூரியனைவிட அதிகமான எடை ஒரு சிறிய உருண்டைக்குள் அடங்கிவிடுகிறது. நியூட்ரான் விண்மீன் என்பார்கள். குறுக்களவு இங்கிருந்து வாலாஜாபாத் தாண்டிக் கொஞ்ச தூரம், அவ்வளவுதான். அவற்றில் சிலவற்றுக்குக் காந்தப்புலம் நினைத்துப் பார்க்க முடியாத வலிமை. அந்தப் புலம் உள்ளே முறுக்கேறிக்கொண்டே போகும். மேலோடு தாங்கும் வரை தாங்கும். வருடக்கணக்கில் சத்தமே இருக்காது. ஒருநாள் விரிசல் விட்டு, எக்ஸ் கதிரும் காமா கதிருமாகப் பீறிட்டு அடிக்கும். பிறகு மறுபடி அடங்கிவிடும். அந்த ‘எக்ஸ் கதிர்’ என்ற சொல்தான் அவரைப் பிடித்திழுத்திருக்கிறது. நூலகத்தில் இருந்த இரண்டு ஆங்கிலப் புத்தகங்களை அகராதி வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் என்று படித்து முடித்தார்.

“நீங்க எடுக்குற படமும் எக்ஸ் கதிர், அதுவும் எக்ஸ் கதிர். அதனாலயாம்மா புடிச்சிருக்குது?” என்று கேட்டேன்.

“அதுக்கில்ல சார். அதையும் படம் எடுக்குறாங்க. ஆனா அதோட சொந்தக்காரங்க யாரும் வெளிய பெஞ்சில உக்காந்துக்கினு இருக்க மாட்டாங்க.”

2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது எங்கள் மாவட்டம் இன்னும் பிரிக்கப்படவில்லை, அதற்குக் கடற்கரை இருந்தது. அந்த வாரம் முழுக்க அங்கிருந்து வந்தவர்களின் எலும்புகளை அவர் படம் எடுத்திருக்கிறார். கடல் வந்தது 26ஆம் தேதி. மறுநாள், 27ஆம் தேதி, அப்படியொரு காந்த விண்மீன் பீறிட்ட கதிர் பூமியை வந்தடைந்தது. நம் சூரியன் லட்சம் வருடத்தில் கொடுக்கும் ஆற்றலை அது ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் கொட்டியது. வேறு திசையில் திரும்பியிருந்த செயற்கைக்கோள்களின் கருவிகள்கூடத் திணறின. இதைப் பல வருடம் கழித்துப் புத்தகத்தில் படித்துவிட்டு ஓடிவந்தார். அந்த வாரம் தான் எடுத்த படங்களில் அதன் சுவடு எங்காவது விழுந்திருக்குமா என்பது அவருடைய கேள்வி.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நம் நேரப்படி அது 28ஆம் தேதி விடியற்காலை மூன்று மணி. அந்த விண்மீன் அப்போது வானில் சூரியனுக்குப் பக்கத்தில் இருந்தது. சூரியன் நமக்குக் காலடியில். ஆகவே அதுவும் காலடியில். கதிர் விழுந்தது பூமியின் மறுபக்கத்தில்.

“அப்ப நம்ம பக்கம் வரவேயில்லியா சார்?”

“வரலம்மா.”

அவர் முகத்தில் ஏமாற்றம் என்று சொல்லக்கூடிய ஒன்றை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

இனி என்னுடைய தவறு.

கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த பிறகு கூட்டங்களை மறுபடி தொடங்கினோம். முதல் பேச்சு அவருடையது. அவர் எழுதிக்கொடுத்த தலைப்பு, ‘காந்த விண்மீன்களின் குமுறல்’. இப்படிப் போட்டால் வழக்கமான ஒன்பது பேர்தான் வருவார்கள் என்று நினைத்தேன். எளிமையாக இருக்கட்டும் என்று, ‘இறந்த நட்சத்திரம்: கேள்விகளுக்கு விளக்கம் அளிக்கப்படும், அனைவரும் வருக’ என்று நானே மாற்றி அச்சடித்து, நூலகத்திலும் பேருந்து நிலையத்திலும் ஒட்டினேன்.

இந்த ஊரில் அந்த இரண்டு சொல்லுக்கும் ஒரே அர்த்தம்தான். ஒருவர் எந்த நட்சத்திரத்தில் இறந்தார் என்பது. சில நட்சத்திரங்களில் உயிர் போனால் அடைப்பு என்பார்கள். உயிர் போன அறையைப் பூட்டிவிட வேண்டும், குறிப்பிட்ட மாதம் முடிந்து சாந்தி செய்த பிறகுதான் திறக்க வேண்டும். அவிட்டம் என்றால் ஆறு மாதம். அதற்கு முந்தைய திருவோணத்துக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கோடையில் ஊரில் எத்தனை வீட்டில் உயிர் போயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். கேட்டுச் சொல்லப் புரோகிதர் வராத நாட்கள் அவை. வீடு வீடாகச் சந்தேகம் மிச்சமிருந்தது. முப்பது வருடம் பத்திரங்களைச் சொல் சொல்லாகச் சரிபார்த்தவனுக்கு இது தோன்றவில்லை.

முப்பத்திரண்டு பேரும் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பலர் கையில் பஞ்சாங்கமோ துண்டுக் காகிதமோ இருந்தது. எக்ஸ்ரேம்மா மகிழ்ந்துபோனார். இத்தனை பேர் காந்த விண்மீனைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். பேசத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்தார்.

“அம்மா, கார்த்திகைக்கு மூணு மாசமா நாலு மாசமா?”

“எனக்குத் தெரியாதுங்களே.”

“பின்ன இன்னா வெளக்கம் குடுக்கப் போறீங்க?”

நான் எழுந்து, இது வானத்து நட்சத்திரத்தைப் பற்றிய கூட்டம், நோட்டீசில் தவறு என்று சொன்னேன். சிலர் எழுந்து போனார்கள். பலர் வந்தது வந்தோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 2004இல் பீறிட்ட அந்த விண்மீன் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற எடுத்துக்கொள்ளும் நேரம் ஏழரை விநாடி என்றார்.

“ஏழரையா?” என்றார் பெரியவர். “அப்ப அது சனியேதான்மா.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் துணிச்சல் வந்துதான் அடுத்ததைச் செய்தார் என்று நினைக்கிறேன். ஏழரை விநாடி எவ்வளவு என்று காட்டுகிறேன், எல்லோரும் நான் சொல்கிறபடி செய்யுங்கள் என்றார். பிறகு, இருபது வருடமாக ஒரு நாளைக்கு நூறு முறை சொல்லி வந்த குரலில் சொன்னார்:

“மூச்ச நல்லா இழுங்க. புடிங்க. அப்படியே இருங்க.”

அறை முழுக்க மூச்சைப் பிடித்தது.

“விடுங்க.”

கடைசி வரிசையில் ஒரு பெண்மணி எழுந்து நின்றிருந்தார். அவரைப் பற்றிப் பிறகு தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணவர் பட்டுக் கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலையில் இருந்தவர். பிளஸ் டூ முடித்த ஒரு மகள். வீடு, ஒரு கூடமும் ஓர் உள்ளறையும். மே மாதத்தில் ஒரு மாலை கணவருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். மறுநாள் ரிப்போர்ட் வரும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். காலை ஆறரைக்கு உள்ளறைக் கதவருகே கஞ்சி வைத்துவிட்டு, மருந்துக்காக வரிசையில் நிற்கப் போனார் மனைவி. ஒன்பதரைக்குத் திரும்பி வந்தபோது கணவர் உயிரோடு இல்லை. நட்சத்திரம் அன்று எட்டே காலுக்குமேல் அவிட்டமாக மாறியது. ஆறரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் எப்போது என்று யாருக்கும் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று உறவினர்கள் அறையைப் பூட்டினார்கள். அவருடைய பொருட்களையெல்லாம் உள்ளே போட்டே பூட்டினார்கள். மகளின் சான்றிதழ்கள் இருந்த பீரோவும் உள்ளே. கல்லூரியில் சேரக் கடைசி நாள், எங்கள் கூட்டம் நடந்த அந்த வாரம். ஆறு மாதம் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

நட்சத்திரம் கேட்க வந்தவர், குரலைக் கேட்டுவிட்டார்.

“நீங்கதானே எங்க வூட்டுக்காரருக்குப் படம் எடுத்தது?” என்றார். கடையின் பெயரையும், கணவர் அன்று போட்டிருந்த சட்டையின் நிறத்தையும் சொன்னார். “நீங்களே பொத்தான் போட்டு வுட்டீங்க.”

எக்ஸ்ரேம்மா தலையசைத்தார்.

“அன்னிக்கு உங்கள கேட்டேன். ஒண்ணும் இல்லியேம்மா, வூட்டுக்கு இட்டுக்கினு போலாமான்னு. டாக்டரு சொல்லுவாருன்னீங்க.”

“ஆமாம்மா.”

“சரி, அத வுடுங்க. இப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. படம் பாத்தவங்க நீங்க. அவரு எட்டே காலுக்கு முன்னாடி போயிருப்பாரா, பின்னாடியா? எனக்கு அது தெரிஞ்சாப் போதும். பொண்ணு சர்டிபிகேட்டு உள்ள மாட்டிக்கினு இருக்குது.”

எந்தப் படமும் அதைச் சொல்லாது. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ‘தெரியாதும்மா’ என்பார் என்று காத்திருந்தேன். என் கையில் பேனா இருந்தது.

“முன்னாடிதான்,” என்றார். “எட்டு மணிக்கெல்லாம் போயிருப்பாரு.”

“எப்படிச் சொல்றீங்க?”

“ரெண்டு நுரையீரலும் வெள்ளையா இருந்திச்சி. அதுக்கு மேல தாங்காது.”

இதற்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பது அந்தப் பெண்மணிக்குப் புரிய ஏழெட்டு விநாடி ஆகியிருக்கும்.

“அப்ப அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“சொல்லியிருக்கலாமேம்மா.”

குரலை உயர்த்தவில்லை. அவர் திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். அது வேறு மாதிரி முடிந்திருக்கும். முன்வரிசைப் பெரியவர் தன் பஞ்சாங்கத்தை மெல்ல மடித்துப் பைக்குள் வைத்தார். அந்தப் பெண்மணி வாசல் வரை போய்த் திரும்பி, “சத்தியமா எட்டுக்கு முன்னாடிதானே?” என்றார். “சத்தியமா,” என்றார் எக்ஸ்ரேம்மா. கூட்டம் நின்றது. மணி ஐந்தே கால்.

அறை திறக்கப்பட்டது. மகள் கல்லூரியில் சேர்ந்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை எக்ஸ்ரேம்மா என் வீட்டுக்கு வந்தார். கைப்பையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்தப் பெண்மணி கொண்டுவந்து கொடுத்ததாம். அறையைத் திறந்தபோது உள்ளே கிடந்த கணவரின் போன். சார்ஜ் போட்டாலும் உயிர் வரவில்லை. கடைசி இரண்டு வருடப் படங்கள் எல்லாம் அதற்குள். “உங்க மெஷின்ல வெச்சுப் பாத்தா உள்ள இருக்குற போட்டோ தெரியுமாம்மா?” என்று கேட்டாராம்.

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“பாக்குறேன்னு சொன்னேன். சார், அந்த வாரம் கவுண்டர்ல உக்கார்ற பொண்ணுக்கு ஜுரம். ரிப்போர்ட் கேக்குற சென்டர் போனு எங்கிட்டதான் இருந்திச்சி. அன்னிக்குக் காலைல எட்டு நாப்பதுக்கு இந்த நம்பர்லருந்து ஒரு கால் வந்திச்சி. ரெஜிஸ்டர்ல என் கையால எழுதின நம்பர். பாத்ததுமே யாருன்னு தெரிஞ்சிபோச்சி.”

“எடுக்கலியா?”

“எடுத்தா கேப்பாங்க. கேட்டா நான் சொல்ற ஆளு இல்ல.”

அந்த சென்டர் போனின் அழைப்புப் பட்டியலைத் தன்னுடைய போனில் படமெடுத்து வைத்திருந்ததைக் காட்டினார். எட்டு நாற்பது. நட்சத்திரம் மாறி இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

“சொல்ல வேணாம்னு இத்தன வருஷம் இருந்தேன் சார். ஒரே ஒரு தடவ சொன்னேன். அதுவும் பொய்.”

அந்தப் பொய்யால் ஒரு பெண் கல்லூரிக்குப் போகிறாள் என்று சொன்னேன். கேட்டதாகத் தெரியவில்லை. 2004இல் பீறிட்ட விண்மீனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கதிர் பூமிக்கு வந்த நேரம் விநாடிக்கும் கீழே துல்லியமாகத் தெரியும். ஆனால் அந்த விண்மீன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது சரியாகத் தெரியாததால், அங்கே அது நடந்த நேரம் ஆயிரக்கணக்கான வருடம் முன்பின்னாகத்தான் தெரியும். “வந்த நேரம் மட்டும் கரெக்டா இருந்து இன்னா சார் பண்றது?” என்றார். போனை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். என் சட்டையின் மேல் பொத்தான் போடாமல் இருந்தது. வாசலில் நின்று அதைப் பார்த்தார். கையைத் தூக்கவில்லை.

அந்த மாதமே வேலையை விட்டார். தாமலில் அக்கா மகள் வீட்டில் இருக்கிறார் என்றார்கள். ஏரிக்கரைப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி விசாரித்துப் போனேன். ஒரு வாரம் இருந்துவிட்டு ஓசூரில் மகனிடம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவருடைய எண்ணுக்கு அழைத்தால் மணி முழுதாக அடித்து ஓய்கிறது. எடுப்பதில்லை.

போன் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கும் கடையில் பழுது பார்த்துத் தருவார்கள். ஒரு மணி நேர வேலை என்கிறார்கள். சரியானால் படங்களோடு சேர்ந்து, அந்தக் காலை எட்டு நாற்பதும் அதில் இருக்கும். அந்தப் பெண்மணி மாதம் ஒருமுறை நூலகப் பக்கம் வருகிறார்.

“இன்னும் ஆவலியா சார்?”

“பாத்துக்கினு இருக்கேன்மா.”

இந்தப் பதிலை நான் எங்கே கற்றேன் என்று எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. மகளுக்கு அந்தக் கோடையில் பாடம் நடந்தது அப்பாவின் போனில்தான். அன்று காலை போன் கூடத்தில் அவளிடம் இருந்திருக்கலாம். ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேட்க அவளே அழைத்திருக்கலாம். அப்படியானால் உள்ளறையில் அவர் எட்டே காலுக்கு முன்பே போயிருக்கவும் கூடும். எக்ஸ்ரேம்மா சொன்னது பொய்யாக இல்லாமலும் போகலாம். மகளைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கேட்டால், ஏன் கேட்கிறேன் என்று அவளுக்கும் தெரிந்துவிடும். நான் கேட்கவில்லை. எட்டு நாற்பதுக்கு அழைத்தது அவளா, உள்ளே படுத்திருந்தவரா என்பது இதை எழுதும் நாள் வரை உறுதி செய்யப்படவில்லை.